பதின்மூன்றாவது ரீலில் ஒரு வசவு

1. முதல் நாள் கிடைத்த சீட்டு

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் வரதன் என் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். எந்த ரீல், யார் பேசுவது, எந்த வசனத்துக்கு அடுத்தது என்று பென்சிலால் எழுதியிருந்தது.

"இந்த எடத்துல எல்லாம் ஃபேடரை எறக்கிடணும்பா. கெட்ட வார்த்தை வருது. சென்சார்ல விட்டுட்டாங்க, நாம விடக் கூடாது."

ஃபேடர் என்பது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். அது அறுபதுகளின் கடைசி. கேபினில் இரண்டு புரொஜெக்டர்களும் அவற்றில் வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சிகளும்தான் என் உலகம். புதுப்படம் வந்தால் வரதன் சார் முதல் காட்சியைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். மறுநாள் காலை கேபின் சுவரில் சீட்டு ஒட்டியிருக்கும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. குளித்து நெற்றிக்கு இட்டுக்கொள்ளாமல் ஆபீஸ் ரூமில் உட்கார மாட்டார். "கோயில்ல தீபாராதனை பாத்துட்டு நேரா இங்க வர்றாங்கபா. அவங்க காதுல இது விழலாமா?" என்று கேட்டார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் தலையாட்டினேன்.

அந்த வேலையைச் சுத்தமாகச் செய்தேன் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. ஒரு மாதத்துக்குள் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டு, அடுத்த வார்த்தைக்குச் சத்தத்தைக் கொண்டுவரப் பழகிவிட்டேன். தரை டிக்கெட்டில் விசில் கிளம்புவதற்குள் வசனம் மேலே போய்விடும். ஆனால் ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. ஓசியில் தினம் மூன்று ஆட்டம் பார்ப்பவன் என்று ஊர் நினைக்கும். அவன் கண் கார்பன் மேலும் ஓடுகிற ஃபிலிம் மேலும்தான் இருக்கும். சீட்டில் இருந்ததைப் படித்தேனே தவிர, ஒரு நாளும் யோசிக்கவில்லை.

2. குப்பம்மா கேட்டது

பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிப்பவள் குப்பம்மா. செவிலிமேட்டிலிருந்து நடந்து வருவாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். கையில் தியேட்டர் கொடுத்த டார்ச் லைட். அந்த டார்ச்சில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

சோடா, முறுக்கு ஸ்டால் எடுத்திருந்த ஏழுமலைக்கும் அவளுக்கும் தினம் தகராறு. படம் ஓடும்போதே தன் ஆட்களைத் தட்டோடு பெண்கள் பக்கம் அனுப்புவான். இருட்டில் அவர்கள் காலை மிதிக்கிறார்கள், மேலே இடிக்கிறார்கள் என்று பெண்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். இன்டர்வெல் வரைக்கும் ஒருவனையும் விட மாட்டாள். அதற்கு அவள் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. மேலே கேபின் வரைக்கும் கேட்கும். எனக்குக் கேட்டது, வரதன் சாருக்கும் கேட்டிருக்கும்.

அப்போது ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. புருஷனை இழந்த ஒருத்தியை, அந்தப் புருஷனின் தம்பியான மச்சினன் வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்கிறான். வாய்க்கு வந்தபடி பேசுகிறான். பன்னிரண்டு ரீல் வரைக்கும் அவள் வாய் திறப்பதில்லை. பதின்மூன்றாவது ரீலில் அவன் அவளுடைய மகளைக் கை நீட்டி அடிக்கும்போது, அவன் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்கிறாள். சீட்டின்படி அங்கே நான் ஃபேடரை இறக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து மாடிப்படிக்குக் கீழே குப்பம்மா என்னை நிறுத்தினாள்.

"தம்பி, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? தினம் அந்த எடத்துக்கு உள்ள வந்து நின்னுக்கினு கேக்கறேன். வாய் அசையுது, சத்தம் வரல."

"கெட்ட வார்த்தைக்கா. சார் எறக்கச் சொல்லியிருக்காரு. வேணும்னா நான் சொல்றேன்."

"நீ சொல்லாத. நீ சொன்னா அது உன் வார்த்தை. அவ வாயால கேக்கணும்னுதான் நிக்கறேன்" என்றாள். போனவள் இரண்டு எட்டு திரும்பி வந்தாள். "அந்த மச்சினன்காரன் பேசறது மட்டும் நல்லா கேக்குது. எனக்குத் தினம் திட்டு விழுதே, அதுக்கு யாரு தம்பி சத்தத்தை எறக்கறது?"

கேபினுக்கு வந்து சீட்டைப் பார்த்தேன். மூன்று இடங்கள். மூன்றும் பெண்கள் பேசுவது. மச்சினன் வாயிலிருந்து மூதேவி, ஓடுகாலி என்று ஆரம்பித்து வருவதில் ஒன்றுகூடச் சீட்டில் இல்லை. பெட்டியைத் துழாவி பழைய படங்களின் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அதே கதைதான். இத்தனை நாள் எதைச் சுத்தமாகச் செய்தேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

3. அமாவாசை மேட்னி

அமாவாசை அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. மேட்னி நிரம்பிவிடும். ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் நெசவுக் குடும்பங்கள் வரும், பெண்கள் பக்கம் உட்கார இடமிருக்காது. அன்றைக்குப் பதின்மூன்றாவது ரீலில் என் கையை ஃபேடரிலிருந்து எடுத்துவிட்டேன்.

"த்தூ, பேமானி!"

இன்றைக்கு இதை எழுதினால் சிரிப்பீர்கள். இவ்வளவுதானா என்பீர்கள். அன்றைக்கு ஒரு கதாநாயகி வாயில் வராத வார்த்தை அது. ஆண்கள் பக்கம் ஒரு விசில்கூட இல்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். பெண்கள் வாசல் திரைச்சீலை ஓரத்தில் குப்பம்மா டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் விட்டது. கூட்ட நாளில் தன் ஆளை உள்ளே விடவில்லை என்று ஏழுமலை கேட் அருகே வந்து வழக்கம்போல ஆரம்பித்தான். சனங்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவன் முடிக்கும்வரை நின்ற குப்பம்மா, அதே வார்த்தையை, அதே துப்பலோடு, அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

4. ஆபீஸ் ரூம்

நான் இறங்கி வந்தபோது ஏழுமலை ஆபீஸ் ரூமில் கத்திக்கொண்டிருந்தான். "ஊரே பாக்குது சார், ஒரு பொம்பள என்னைப் பாத்து இப்படிச் சொல்லிட்டா! இவ இருந்தா நான் ஸ்டாலைக் காலி பண்றேன்."

வரதன் சார் குப்பம்மாவைப் பார்த்தார். "சொன்னியாம்மா?"

"சொன்னேன் சார்."

"அப்ப டார்ச்சை வெச்சுட்டுப் போயிடு."

அவள் டார்ச்சை மேசைமேல் வைத்தாள். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, என் வேலையும் அந்த மேசைமேல்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்துவிட்டேன்.

"சார், இன்னிக்கு நான் ஃபேடரை எறக்கல."

"அதை அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசணும் சார். சீட்டுல மூணு எடம் இருக்குது. மூணும் பொம்பளைங்க பேசறது. அந்த மச்சினன் ரீல் ரீலா திட்டிக்கினு இருக்கான், அது ஒண்ணுகூட இல்ல."

"அவன் வில்லன்பா. திட்டினாத்தான் வில்லன்."

"அப்ப ஏழுமலை யாரு சார்?"

வரதன் சார் குப்பம்மா பக்கம் திரும்பி, "அவன் உன்னை இன்னாம்மா சொன்னான்?" என்று கேட்டார். இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

குப்பம்மா சொன்னாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கெழமை இன்டர்வெல்ல தட்டுவாணின்னாரு. எவனை உள்ள விடறதுக்கு வாசல்ல நிக்கறேன்னு கேட்டாரு. செவ்வாக்கெழமை என் பொண்ணைப் பத்திச் சொன்னாரு…" அதையும் அப்படியே சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

"போதும்மா" என்றார் வரதன் சார்.

"இன்னும் புதன்கெழமை இருக்குது சார்."

முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள். ஏழுமலை, "கோவத்துல வர்றதுதான் சார்…" என்று இழுத்தான். வரதன் சார் அவனைப் பார்க்காமல் டார்ச்சை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். என்னிடம், "இனிமே ரெண்டு பேரோடதையும் எறக்கிடு" என்றார்.

5. இரண்டையும் இறக்கிய ஆட்டம்

அன்று சாயங்கால ஆட்டத்தில் அப்படியே செய்தேன். மச்சினன் வாயைத் திறக்கும்போதெல்லாம் சத்தம் போனது. "ஆபரேட்டரு, தூங்கறியா?" என்று சனங்கள் கத்தினார்கள். பதின்மூன்றாவது ரீலில் அவள் வார்த்தை போனதை ஒருவரும் கவனிக்கவே இல்லை. அவன் ஒன்றும் சொல்லாதபோது அவள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? கதையே செத்துவிட்டது.

கேபின் படி ஏறாத வரதன் சார் அன்றைக்கு ஏறி வந்தார். சுவரிலிருந்த சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இருக்கற மாதிரியே ஓடட்டும்பா" என்று மட்டும் சொன்னார்.

படத்திலும் டிவியிலும் வசவு எதற்கு என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்திலிருந்து எல்லோரும் திட்டிக்கொண்டேயிருக்கிற படங்களில், உண்மையான கோபம் வரும்போது சொல்வதற்கு ஒரு வார்த்தை மிச்சம் இருப்பதில்லை. எல்லாம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். யார் யாரைச் சொல்கிறார், அதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று பார்க்கிறேன். அதைப் பார்க்காமல் சத்தத்தை இறக்குகிறவன், என்னைப் போல, ஒரு பக்கத்துக்கு வேலை செய்கிறான்.

ஏழுமலை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவளை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிட்டான். அந்த மறுநாள் பதின்மூன்றாவது ரீலில் நான் கேபின் சுவர் ஓட்டை வழியாகப் பெண்கள் பக்கம் பார்த்தேன். திரைச்சீலை ஓரத்தில் யாரும் இல்லை. ஆட்டம் விட்டதும் கேட்டேன்.

"இன்னாக்கா, இன்னிக்கு நல்லா கேட்டுதே. நீ உள்ள வரலியா?"

குப்பம்மா கிழித்த டிக்கெட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் நானே சொல்லிட்டனே தம்பி" என்றாள்.