பன்னிரண்டரை வீத ஈரம்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பொதி அறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீரசிங்கம், தமது அறுபத்திரண்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பதுளை நகரத்து மதுக்கடை ஒன்றுக்குள் முதன்முதலாகக் காலடி எடுத்து வைத்தார். இந்த நிகழ்ச்சி பத்திரிகைகளில் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர் வெளியே வருவதற்கு முன்பே அவர் குடியிருக்கும் தோட்டத்து லயம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது.

போகாமல் என்ன செய்யும்? மனிதர் மாரியம்மன் கோயில் கமிட்டியின் தலைவர். திருவிழா நாட்களில் காவடி எடுக்க வருகிறவர்களின் வாயை முகர்ந்து பார்த்து உள்ளே விடுவதும் வெளியே தள்ளுவதும் அவருடைய பொறுப்பு. அப்படிப்பட்ட மூக்கு மதுக்கடைக்குள் நுழைவதைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்த மூன்று பேர் கண்ணாரக் கண்டார்கள். மூவருமே போன வருடம் வெளியே தள்ளப்பட்டவர்கள்.

காரணம் ஒரு பசு. பெயர் செவலை. ஓய்வுக்குப் பின் அவர் வீட்டு அடுப்பு எரிவது அதன் மடியை நம்பித்தான். சென்ற ஐப்பசியில், விடாத மழையில், கன்று வயிற்றுக்குள் திரும்பிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. அரசாங்க மிருக வைத்தியர் தயானி, ஜீப் ஏறாத பாதையில் ஒன்றரை மைல் நடந்து வந்தார். தோள் வரை கையை உள்ளே விட்டு இரண்டு மணித்தியாலம் போராடினார். செவலை தன் நன்றியை முழங்காலில் ஓர் உதையாகத் தெரிவித்தது. டொக்டர் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி குனிந்தார். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது.

வீரசிங்கத்தின் மனைவி பெரியாயி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்தபோது, கையைத் தேய்த்தபடி டொக்டர் தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “இன்னைக்கு வீட்ல ஒரு கிளாஸ் நல்ல வைன் குடிச்சாத்தான் இந்தக் கை நம்ம கை.”

அதற்குப் பிறகு வீரசிங்கம் பாலோடு போனார். அரசாங்க வேலை, வாங்கக்கூடாது என்று டொக்டர் திருப்பி அனுப்பினார். தயிரோடு போனார், திரும்பி வந்தது. பூசணிக்காயோடு போனார், அதுவும் வந்த வழியே வந்தது. இப்படி ஒரு நன்றி எட்டு மாதமாக மனிதரின் நெஞ்சிலேயே கிடந்தது. இந்த நிலையில்தான் டொக்டருக்கு இடமாற்றம் என்றும், வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் புறப்படுகிறார் என்றும் தெரிய வந்தது. ரயில் போய்விட்டால் நன்றியும் இங்கேயே நின்றுவிடும். ஆகவே வைன். அதுவும் நல்ல வைன். நல்லது கெட்டது தெரியாதவன் கொடுத்தது என்று ஆகிவிடக்கூடாது. டொக்டர் முகத்துக்கு முன்னால் குறை சொல்லமாட்டார் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

கடையில் நின்ற ரமேஸ், வாடிக்கையாளரை மதிப்பவர். வீரசிங்கம் உள்ளே வந்ததும் அவர் கை தானாகச் சாராயத் தட்டுக்குப் போனது. வைன் என்றதும் கை திரும்பி, சுவரோரம் படுக்கவைத்திருந்த போத்தல்களைக் காட்டியது. வீரசிங்கம் முதல் காரியமாக, விழுந்து கிடந்த அத்தனை போத்தலையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முத்திரை வெளியே தெரியும்படி வரிசையாக நிறுத்தினார். பொதி அறையில் அதுதான் முறை. ரமேஸ் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் யாரும் அவருக்கு ஓசியாக வேலை செய்ததில்லை.

பிறகு வாசிப்புத் தொடங்கியது. வீரசிங்கத்துக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் இருபது; இருபதும் தேயிலைச் சாக்கில் இருந்தவை. ஆனால் அந்த இருபதையும் அவரைப் போல் வாசிக்க இன்னோர் ஆள் ஊவா மாகாணத்தில் இல்லை. கோட்டை, குதிரை, கிரீடம் அச்சிட்ட போத்தல்களை முதலிலேயே ஒதுக்கினார். படம் பெரிதாக இருந்தால் விலாசம் சிறிதாக இருக்கும் என்பது அவர் அனுபவம். பிளெண்ட் என்று போட்டிருந்ததைக் கண்டதும் முகம் சுளித்தார். பல தோட்டத்து மிச்சத்தை ஒரே பெட்டியில் கலந்து கட்டுகிற வித்தை அவருக்குத் தெரியாததா? ‘ஃபைனெஸ்ட்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருந்த ஒன்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தூள் தேயிலைக்கும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ரமேஸ் ஒரு பழைய போத்தலைப் பயபக்தியோடு எடுத்து நீட்டினார். பத்து வருடத்துச் சரக்கு, பழசாகப் பழசாகத்தான் மவுசு என்றார். வீரசிங்கத்துக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. பத்து வருடமாக விற்காமல் கிடப்பதைத் தலையில் கட்டப் பார்க்கிறார், பாவம், அவருக்கும் குடும்பம் இருக்கும்.

அடுத்து ஒரு சிறிய எண் கண்ணில் பட்டது. பதினான்கு வீதம். வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, பதினாலு வீதம் ஈரமா? தேயிலையில நாலுக்கு மேல போனா எங்க ஃபெக்டரி டீமேக்கர் சாக்கைத் திருப்பிருவாரு. பூஞ்சணம் புடிச்சிரும்.”

“அண்ணே, அது தண்ணிச் சாமான். ஈரமாத்தான் இருக்கும்.”

“அதுக்குன்னு பதினாலா?”

ரமேஸ், அது ஈரமல்ல, போதை என்று விளக்கினார். வீரசிங்கம் யோசித்தார். ஈரமோ போதையோ, கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது. சட்டம் மாறவில்லை. எல்லாப் போத்தலிலும் எண்ணைத் தேடினார். கடைசித் தட்டில், படமே இல்லாத வெள்ளைத் தாள் ஒட்டிய ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டரை. ஆர்ஜென்டினாவில் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயர். போத்தலில் அடைத்ததும் அதே தோட்டம். அறுவடை செய்த வருடம், போன வருடத்துக்கு முந்தியது. அதற்குக் கீழே, ஆயிரத்து நூறு மீட்டர்.

“நம்ம தோட்டத்து மேல் டிவிசன் ஒசரம்,” என்றார் வீரசிங்கம், உறவினர் ஒருவரைக் கண்டவரைப் போல. உயரத்தைச் சாக்கில் போடத் துணிகிற தோட்டம் சரக்கை நம்புகிற தோட்டம். முகர்ந்து பார்க்க மாதிரி கொஞ்சம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். கிடைக்காது என்றதும் கனத்த மனதோடு வாங்கினார்.

பஸ்ஸில் பைக்கு மேலே போத்தலின் கழுத்து தெரிந்தது. லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு பேர் புத்தி சொன்னார்கள். ஐந்தாவது ஆள் கிளாஸ் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். பெரியாயி வாசலில் நின்றிருந்தாள்.

“இனிமே திருவிழாவுல ஒங்க வாய நான் மோந்து பாக்கணும்போல.”

வெள்ளிக்கிழமை, பதுளை ரயில் நிலையம். டொக்டர் தயானி கணவரோடு பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார். பையைப் பார்த்ததுமே கையை உயர்த்தி மறுத்தார். இதற்காகவே வீரசிங்கம் நான்கு நாளாக ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார்.

“நாலு மணிக்கு ஆபீஸ் மூடுனதோட நீங்க எங்க டொக்டர் இல்லீங்க, டொக்டரம்மா. இப்ப மணி நாலே முக்கால்.”

டொக்டர் கணவரைப் பார்த்தார். கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டத்தில் இடம் இருந்தது. டொக்டர் போத்தலைக் கையில் வாங்கி, முத்திரையை வாசித்து, இதை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று கேட்டார். வீரசிங்கம் தோட்டம், உயரம், வருடம், ஈரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கணவர் ஈரத்தில் சிரிக்கத் தொடங்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. அப்போது வலது முழங்காலைத் தடவிக்கொண்டார் என்பது மட்டும் உண்மை.

ரயில் போனது. அதன்பிறகு ஒன்பது நாள் வீரசிங்கம் பெரியாயியிடம் எரிந்து விழுந்தார். பொதி அறையில் முப்பத்தோராண்டு சாக்குக் கட்டினார். அந்தத் தேயிலையைக் குடித்தவர் என்ன சொன்னார் என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. கொழும்பிலிருந்து வரும் ருசி அறிக்கை நேராகத் தோட்டத்துத் துரையின் மேசைக்குப் போகும். அந்த வழக்கத்தை எப்படியோ தாங்கிக்கொண்டார். இந்த ஒன்பது நாளைத் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள், பால் கறந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. பெரியாயி அதை அவர் காதோடு வைத்துப் பிடித்தாள்.

“நேத்து தொறந்தோம், வீரசிங்கம்.”

“எப்படிங்க இருந்துச்சு?”

“உங்க செவலை மாதிரி. மொதல்ல ஒரு ஒதை. அப்புறம் ரொம்ப நல்ல கொணம். நான் குடிச்சதிலேயே நல்லது இதுதான்.”

வீரசிங்கம் ரொம்ப சந்தோசங்க என்று இரண்டு தரம் சொன்னார். தொலைபேசியை வைத்த பெரியாயி, என்ன சொன்னாங்க என்று கேட்டாள். அவர் செவலையின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, துரை அலுவலகத்து எழுதுவினைஞரின் குரலில் அறிக்கையை முழுமையாக வாசித்தார். பெரியாயி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.