சும்மா ஓடுகிறவள்

எங்கள் ஊரில் வாய்க்கால் கரைமேல் ஒருவர் ஓடினால் கரை உடைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது துரத்த வேண்டும். சும்மாவும் ஓடலாம் என்பது எனக்கு மட்டும்தான் தோன்றியது. அப்போது நான் குடவாசல் பக்கம் தாலுகா ஆபீசில் கிளார்க். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் சோற்றை விட்டுவிட்டுப் போனவள், நாற்காலியே கதி என்று கிடந்தேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் வாரத்தில் எந்த நாளைப் பிடிப்பது? திங்கட்கிழமை மனு நாள். பட்டாவுக்கும் குத்தகைச் சண்டைக்கும் வரும் கூட்டத்தில் ஆபீஸ் பிதுங்கும். செவ்வாய், வெள்ளி வீடு கழுவவே சரியாக இருக்கும். கண்டக்டரான என் கணவருக்கு முதல் டிரிப் விழும் நாட்களில் அடுப்பை விட்டு நகர முடியாது. எல்லாம் போக, புதனும் சனியும் விடியற்காலை கொஞ்சம் மிஞ்சின. விடுவேனா?

முதல் புதன், ஐப்பசி மழை விட்டிருந்தது. சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாகக் கரையேறி ஓடினேன். காலில் சேறு அப்பியது, மூச்சு வாங்கியது, ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம். பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், நாலைந்து பேர் மண்வெட்டியும் சாக்குமாக ஓடி வருகிறார்கள்.

"எந்த எடத்துலம்மா ஒடப்பு?"

"ஒடப்பெல்லாம் இல்லைங்க. சும்மா ஓடுறேன்."

"சும்மாவா?" முன்னால் வந்தவர் சாக்கைக் கீழே போட்டார். "நாத்து முழுகிப்போச்சுன்னு வாயில வயித்துல அடிச்சிக்கிட்டு வர்றோம், சும்மாங்குற!"

அவர் கோபம் நியாயம்தான். உடைப்பு என்றால் கத்திக்கொண்டே வருவேன், கத்தாவிட்டால் நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அங்கேயே பேசி முடித்தேன். அவர்கள் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

வீட்டில்தான் முடியவில்லை. விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எங்களோடு இருந்த என் அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஓடாதடி. வேணும்னா நட. நீ ஓடுனேன்னு கேட்டதும் எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு."

எனக்குத் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அறுப்புக்குக் கூலி கூட்டிக் கேட்டார்கள் என்று பண்ணை ஆட்கள் தடியோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்திருக்கிறார்கள். என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மா ஓடியது இதே கரையில்தான். பிறகு அந்தப் பண்ணை நிலம் பங்காகிக் கைமாறி, எங்களுக்கும் கொஞ்சம் குத்தகைக்கு வந்தது. அம்மாவின் பயம் மட்டும் கைமாறவில்லை.

சனிக்கிழமை ஷூவைக் கையில் எடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை அழவைத்துவிட்டு என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தது. ஆனால் நான் நின்றுவிட்டால், அன்றைக்குத் துரத்தியவர்கள் இன்னும் துரத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். போட்டுக்கொண்டு கிளம்பினேன். அடுத்த புதனும் போனேன். தூறலில் போனேன், பனியில் போனேன். ஆபீசில் வேலை குவிந்த வாரங்களில் கண் எரிய எழுந்தும் போனேன். ஓடிவிட்டு வந்த நாட்களில் அம்மா என்னோடு பேச மாட்டாள்; சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

தை அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, ஓடித் திரும்பும்போது மதகடியில் யாரோ நிற்பது தெரிந்தது. அம்மா. வேலைக்குப் போவதுபோலச் சேலையை ஏற்றிச் செருகியிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் ஓடிவந்த கரையைக் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் நின்னுட்ட?" என்றாள். "நான் பாத்துட்டேன். பின்னால ஒருத்தனும் வரல. நீ ஓடு."