பலகைப் பன்றிக்குப் பன்னிரண்டு தோட்டா

போன மாதம் தங்கச்சி மகன் என்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போன இடம், இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தின் பெரிய துரை பங்களா. இப்போது அது ஹோட்டல். அவன் அங்கே வரவேற்பு மேசையில் நிற்கிறான், கழுத்தில் டையெல்லாம் கட்டிக்கொண்டு. அந்தக் காலத்தில் பின்பக்கம் சமையல் நடக்கிற குசினிப் படிக்கு மேலே நாங்கள் கால் வைத்ததில்லை. முன்வாசலில் நுழையும்போது என்னையறியாமல் செருப்பைக் கழற்றக் குனிந்துவிட்டேன். "போட்டுக்கிட்டே வாங்க மாமா, ஆளுங்க பாக்குறாங்க" என்றான் காதோடு. இத்தனை வயதுக்குப் பிறகும் என் முதுகு யாரைக் கேட்டு வளைகிறது என்று எனக்கே எரிச்சல்.

உள்ளே கணப்பு அடுப்புக்கு மேலே அது மாட்டியிருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் அறுத்துக் கறுப்புச் சாயம் அடித்த காட்டுப் பன்றி. தோளுக்குப் பின்னால் ஐந்து ஓட்டைகள். கீழே பித்தளைத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து. நாற்பது கஜத்திலிருந்து ஐந்து குண்டையும் இப்படி ஒரே இடத்தில் போட்டுக் கோப்பை வென்றாராம் துரை. குறி பிசகாத கையாம். மருமகன் பெருமையாக வாசித்துச் சொன்னான்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஐந்து ஓட்டைக்கும் குண்டு வார்த்தவன் நான்.

பலகையைப் பார்த்ததும் மூக்கில் முதலில் வந்தது ஈயம் உருகும் வாசனைதான். பழைய தேயிலைப் பெட்டிகளுக்குள்ளே மெல்லிய ஈயத் தகடு ஒட்டியிருப்பார்கள். பிறகு அலுமினியத் தாள் வந்துவிட்டது. பழசெல்லாம் ஸ்டோர் மூலையில் சுருண்டு கிடந்தது. அதை இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினால், தகட்டில் ஒட்டிய தேயிலைத் தூள் மேலே மிதந்து கருகும். உலகத்தில் வேறெங்கும் அப்படியொரு வாசனை கிடையாது. அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எனக்கு இருபத்துமூன்று வயது. ஃபெக்டரியில் தேயிலையை ஊறவைத்துச் சாயமும் ருசியும் பார்க்கிற அறை என் பொறுப்பு. வரிசையாகக் கோப்பை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு தூள் நிறுத்துப் போடவேண்டும். அதற்கு ஒரு குட்டித் தராசு உண்டு. பக்கத்தில் நின்று மூச்சுவிட்டால் தட்டு ஆடும். நான் பிசகாமல் நிறுப்பதை ஃபெக்டரியைக் கவனிக்கிற டீமேக்கர், துரையிடம் சொல்லப்போக, துரை என்னைக் கூப்பிட்டார். ஆறாம் நம்பர் மலையின் ஓடைப் பள்ளத்தில் ஒரு தனிப் பன்றி இறங்கியிருக்கிறது, சில்லறைக் குண்டு அதன் தோலில் உறைக்காது, ஒற்றைக் குண்டு போட்ட தோட்டா வேண்டும் என்றார். சுட்ட வெற்றுத் தோட்டாக்கள், மருந்து, அச்சு எல்லாம் பங்களாவிலிருந்து வந்தன.

முதலில் செய்த நாலும் துரை சுட்டுப் பார்த்தபோது நாலு திசைக்குப் போயின. ஒன்று தகர டின்னுக்கு மேலே பறந்தது, ஒன்று மண்ணைத் தோண்டியது. துரை என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு ரோஷம். வார்த்த குண்டுகளையெல்லாம் சாயத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல உருண்டை. தட்டில் வைத்தால் சில மட்டும் லேசு. வெட்டிப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழ்! அச்சு சூடேறாமல் ஊற்றினால் அப்படி ஆகும் என்று நானே கண்டுபிடித்தேன். லேசானதை மறுபடி உருக்கினேன். மருந்தையும் தோட்டாவுக்குத் தோட்டா பிசகாமல் நிறுத்தேன். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கிற கம்பளிச் சக்கையையும் ஒரே தடிப்பில் வெட்டினேன். வேலை விட்ட பிறகு மூன்று வாரம். பன்னிரண்டு தேறியது.

கொழுந்து நிறுக்கிற கொட்டகை அந்த அறை ஜன்னலுக்கு எதிரே. ராமாயி அக்கா நிறுத்து முடித்துவிட்டுத் தினமும் ஜன்னலில் முகத்தை வைப்பாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லயத்து வரிசையில் மூன்றாவது காம்பரா அவளுடையது. புருஷன் செத்து, ஒரு பொம்பளைப் பிள்ளையோடு இருந்தவள். அவளுடைய வாய்க்குக் கங்காணி பயப்படுவார். கொழுந்துத் தராசிலே கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம், எதற்கென்றே தெரியாமல் கொஞ்சம் கழிப்பார்கள். அதை வைத்து என்னைக் குத்தினாள்:

"ஏன் தம்பி, பன்னிக்குப் போற ஈயத்துக்கு இம்புட்டு நியாயமா நிறுக்கிறியே. இந்தத் தராச ஒரு நாளைக்கு எங்க மலைக்குக் கொண்டாந்தா தேஞ்சா போயிரும்?"

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பன்றி ஒரு நாள் கொழுந்து எடுத்தவர்களை விரட்டியது. மறுநாள் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெண்கள் ஆறாம் நம்பர் பள்ளத்தில் இறங்கமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவள் ராமாயி அக்கா. குடியுரிமை பறிபோய் ஓட்டே இல்லாத ஜனம் நாங்கள், எங்களுக்கு யார் துப்பாக்கி லைசன்ஸ் கொடுப்பார்கள்? தோட்டத்தில் இருந்தது துரையின் துப்பாக்கி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை துரை பன்றியைச் சுட்டுவிடுவார், திங்கட்கிழமை இறங்கவேண்டும் என்றார் கணக்கப்பிள்ளை. அவரை யாரும் நம்பவில்லை. என்னை நம்பினார்கள். நான்தான் லயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தோட்டா தயார், ஞாயிற்றுக்கிழமையோடு அதன் கதை முடிந்தது என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டையும் துணியில் சுற்றிப் பங்களாவில் கொடுத்தேன். துரை ஒரு சிகரெட் பக்கெட் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ராமாயி அக்கா கேட்டாள்: "நேத்து வெடிச் சத்தமே கேக்கலையே தம்பி?"

"காட்டுக்குள்ள போயிச் சுட்டிருப்பாருங்க அக்கா. ஒரு வெடிதான். என் தோட்டாவுக்கு ரெண்டாவது வெடி தேவையில்லீங்க."

நான் சொன்ன வார்த்தை அதுதான். எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. அவள் "சரி, நீ சொல்ற, எறங்குறோம்" என்று படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

அலறல் ஃபெக்டரி வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போனபோது தேயிலைச் செடிகளுக்கு நடுவே தொடை பிளந்து கிடந்தாள். அவளுடைய படங்கையே கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்தினேன். நாலு பேர் தூக்கி லொறியில் ஏற்றினோம். வழி முழுக்க அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை துரை காட்டுக்கே போகவில்லை. துரைமார் கிளப்பில் பலகைப் பன்றியைச் சுடுகிற போட்டி. ஐந்து தோட்டா கோப்பைக்கு; மிச்சம் ஏழையும் பந்தயம் கட்டி வெறும் பீர் போத்தல்களைச் சுட்டுத் தீர்த்தார்கள். இதைச் சொன்னவர் பங்களாவில் சமைக்கிற அப்பு. போத்தல் ஒன்றுகூடத் தப்பவில்லை என்று என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார், பாவம்.

நான் பங்களாவுக்குப் போய்க் குசினிப் படியில் நின்று, பெண்ணைப் பன்றி கிழித்துவிட்டது என்றேன். துரை முகம் சுளித்து, தோட்டா மிச்சமில்லை, இன்னும் கொஞ்சம் செய்து கொண்டு வா என்றார். செய்து கொடுத்தேன். மறுக்கிற தைரியம் இல்லை. இன்னொருத்தி பள்ளத்தில் விழுந்துவிடுவாளோ என்ற பயம் இருந்தது. இரண்டு நாளில் பன்றி விழுந்தது. ஒரே வெடி. நான் சொன்னது சொன்னபடி ஒரே வெடி. என்னை இன்றைக்கும் கொதிக்க வைக்கிறது அதுதான். பன்னிரண்டு கையில் இருந்தபோது அந்த மனுஷனுக்கு ஒன்று மிச்சம் வைக்கத் தோன்றவில்லை.

ராமாயி அக்கா பிழைத்தாள், ஆனால் மலை ஏற முடியாத காலோடு. கொழுந்து எடுக்க முடியாதவளுக்குக் காம்பரா எதற்கு என்று தோட்டத்துப் பேரேட்டில் பேரை வெட்டினார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு இறம்பொடையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாள். மூட்டையை நான் தூக்கப் போனேன். "நீ போய் உன் தராசப் பாரு தம்பி" என்றாள், கோபமில்லாமல். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

ஈயத் தகடு போய்விட்டது, சாயத் தராசு போய்விட்டது, துரையும் கப்பலேறிப் போனார். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது ஹோட்டலுக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. அவள் காம்பராவின் அடுப்படி எந்தக் காரின் கீழே என்று என்னால் காட்டமுடியும், கேட்பவர்தான் இல்லை. பலகைப் பன்றியை மட்டும் பத்திரமாக மெழுகு தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எழுந்துபோய் அந்த ஓட்டைகள்மேல் கையை விரித்து வைத்தேன். "மாமா, தொடக் கூடாதுங்க, போர்டு போட்டிருக்கு" என்று மருமகன் ஓடிவந்தான். நான் கையை எடுக்கவில்லை. ஐந்து ஓட்டையும் என் ஒரு கைக்குள் அடங்கிவிட்டன.

ராமாயி அக்காவின் காயத்தை அன்றைக்கு இரண்டு கையாலும் பொத்தினேன். அடங்கவில்லை.