பின்னால் வருகிறவர் எடுத்துவிடுவார்

கிரஷர் வாசலில் லோடுடன் வரிசையில் நின்றிருந்தபோதுதான் சேகர் போன் செய்தான். அவனும் என்னைப்போல் டிப்பர் ஓட்டுகிறவன். "ரவி, வண்டியை ஓரங்கட்டிட்டுப் பேசு" என்றான். வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது, சொல்லு என்றேன். "நம்ம கல்பொறுக்கி அண்ணன் போய்ட்டாருப்பா. காலையில டீ குடிச்சிட்டுப் படுத்தவரு எழுந்துக்கவே இல்லியாம்." எனக்கு முன்னால் வரிசை நகர்ந்திருக்கிறது. பின்னால் இருந்தவன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கு கியர் போடக்கூடக் கை வரவில்லை.

அண்ணனின் படத்திறப்பு அன்று வாசிக்க நாலு வரி எழுதச் சொன்னார்கள். "உனக்குத்தான் எழுத வரும், நல்லதா நாலு வார்த்தை போடு" என்று சேகர் என் தலையில் கட்டினான். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் அதில் என்னைப் பற்றி எதுவும் நல்லதாக இருக்காது. கேட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.

அண்ணனின் பெயர் ஏழுமலை. ஊர் வல்லம். வயதில் பாதியைக் குவாரி லாரியில் கழித்தவர். குவாரியில் வெடிவைத்து உடைத்த கல்லை ஏற்றி, அவலூர்பேட்டை சாலையில் ஜல்லி உடைக்கும் கிரஷருக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது எங்கள் வேலை. லோடு வண்டி தார்ச்சாலையில் போகும். காலி வண்டி ஏரிக்கரை மண்பாதையில் சுற்றிக்கொண்டு குவாரிக்குத் திரும்பும். வளைவிலோ வேகத்தடையிலோ வண்டி குலுங்கினால் மேலே இருக்கும் கல் ஒன்று உருண்டு சாலையில் விழும். தேங்காய் அளவும் இருக்கும், பூசணிக்காய் அளவும் இருக்கும். இன்ஜின் சத்தத்தில் ஓட்டுகிறவனுக்கு அது கேட்பதே இல்லை. பின்னால் வருகிற லாரிக்காரன் பார்த்தால் இறங்கி எடுத்து ஓரத்தில் போட வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

சட்டம் எல்லாருக்கும்தான். ஆனால் அதன்படி நடந்தவர் அண்ணன் ஒருவர்தான். வெயில் கொளுத்தினாலும் சரி, முதலாளி போனில் கத்தினாலும் சரி, கல்லைப் பார்த்தால் வண்டி நிற்கும். சீட்டுக்கு அடியில் ஒரு கடப்பாரை வைத்திருப்பார். பெரிய கல்லை அதனால் நெம்பி உருட்டுவார். "எவன் வண்டிக் கல்லோ, நீ எதுக்குண்ணே குனியற?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "ரோட்டுல கெடக்கற கல்லுக்கு ஓனர் இல்லப்பா. எவன் கண்ணுல பட்டுதோ அவன்தான் ஓனர்" என்றார். கல்பொறுக்கி என்று நாங்கள் வைத்த பேர் அப்படி வந்ததுதான். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை.

வளைவில் இருக்கும் புளியமரத்தடியில் அந்தக் கல்லையெல்லாம் அடுக்கிவைப்பார். "இன்னாண்ணே, வூடு கட்டப்போறியா?" என்று சேகர் கிண்டல் செய்வான். "ஆமாண்டா, உனக்குத்தான். பொண்ணு குடுக்க எவனும் வர மாட்டேங்கறான், வூடாவது இருக்கட்டும்" என்பார். ஒருநாள் பார்த்தால் அடுக்கின கல் ஒன்றுகூட இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் அதை வைத்து மாட்டுக்கொட்டகைக்குச் சுவர் எழுப்பியிருந்தார். போதாக்குறைக்கு அண்ணனையே கூப்பிட்டு, "கல்லு கெட்டியா இருக்குதுப்பா, இன்னும் ஒரு பத்து கெடைக்குமா?" என்று கேட்டார். அண்ணன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

நாங்கள் கெட்டுப்போனதும் அவரால்தான். அவர்மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அவர் எடுப்பார் என்று தெரிந்த பிறகு நாங்கள் யாரும் குனிவதில்லை. கல்லைப் பார்த்தால் ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்கிப் போய்விடுவோம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நண்பகல். எனக்கு முன்னால் வேறு குவாரியின் வண்டி ஒன்று போனது. புளியமரத்து வளைவில் அதிலிருந்து ஒரு கல் விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிரேக்கில் கால் வைத்தேன். கிரஷரில் வரிசை நீளமாக இருக்கும், இடத்தை விட்டால் ஒரு மணி நேரம் வெயிலில் வேக வேண்டும். அதோடு எனக்குப் பின்னால் வருவது அண்ணன் வண்டி. இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார், எடுத்துவிடுவார். காலை எடுத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

அன்றைக்கென்று அண்ணன் வண்டி சூடேறி, வழியில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் தாமதம். அதற்குள் காசிநாதன் வந்துவிட்டார். அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி. மொபெட்டில் இரண்டு மூட்டை நிலக்கடலையைக் கட்டிக்கொண்டு செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் விற்கப் போய்க்கொண்டிருந்தவர். கல்லில் ஏறி விழுந்தார். மூட்டை அவர் முழங்கால்மேல் விழுந்தது.

அண்ணன் வந்து பார்த்து, அவரைத் தூக்கி மரநிழலில் கிடத்தியிருக்கிறார். அடுத்து ஒருவன் விழக் கூடாதே என்று கல்லை எடுத்திருக்கிறார். நிலத்திலிருந்து ஓடிவந்தவர்கள் கண்ட காட்சி அதுதான். கீழே ஒரு ஆள், கல் ஏற்றிய லாரி, டிரைவர் கையில் கல். "கல்லைப் போட்டுட்டு மறைக்கிறியாடா?" என்று ஒருவன் அறைந்தான். போதாததற்கு அன்று காலையில் அவர் வண்டியின் பின்கதவுக் கொக்கி தளர்ந்துபோய், கம்பி வைத்துக் கட்டியிருந்தார். அதையும் பார்த்துவிட்டார்கள். "எந்த வண்டிக் கல்லுன்னு தெரியலைங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்றுதான் அவர் சொன்னாராம். என்னுடையது இல்லை என்று சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது அவர்களுக்கு.

மறுநாள் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. "ரவி, நீ எனக்கு முன்னால போனியே. அப்பவே அங்க கல்லு கெடந்துதா? எவன் வண்டியில இருந்து விழுந்துதுன்னு பார்த்தியா?"

ஒரு வார்த்தை. பார்த்தேன் அண்ணே, உங்களுடையது இல்லை அண்ணே என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால், பார்த்துவிட்டு ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி வரும். போலீஸ் வரை போகும். ஊர் என்னை அடிக்கும்.

"கவனிக்கலண்ணே" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "பார்த்திருந்தா நீ எடுத்திருப்ப. அப்ப அதுக்கு முந்தின டிரிப்புல என் வண்டியில இருந்துதான் விழுந்திருக்கும், நீ கவனிக்காமப் போயிட்ட. கொக்கி லூசா இருந்துதே" என்றார். இரண்டு டீக்கும் காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வழக்கு, லைசென்ஸ் என்று கொஞ்ச காலம் அலைந்தார். அதெல்லாம் ஒருநாள் முடிந்தது. காசிநாதனின் கால் மட்டும் நேராகவில்லை. மடக்க முடியாது, நிலத்தில் குனிந்து வேலை செய்ய முடியாது. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் அவர் வீட்டுக்குப் போவார். ஒரு வருடம் நானே பைக்கில் கூட்டிப்போனேன். கரும்பைக் கேட் ஓரம் சாய்த்துவிட்டு நின்றார். உள்ளேயிருந்து, "அந்தாளைப் போவச் சொல்லு" என்று குரல் வந்தது. திரும்பி வரும்போது, "கோவம் வராதாப்பா? அவரு காலு" என்றார். பைக்கை ஓட்டிக்கொண்டிருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை. அந்த மட்டும் தப்பித்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். தூ, என்ன மனுஷன் நான்!

சாவு வீட்டில் அண்ணனை எடுத்த பிறகு, மல்லிகா அண்ணி என்னைப் பார்த்ததும் அழுதார். "கடைசியா காய்ச்சல்ல கெடக்கும்போதும் அந்தக் கல்லுப் பேச்சுதான் தம்பி. கொக்கியை மாத்திட்டு வண்டியை எடுத்திருக்கணும், மாத்திட்டு எடுத்திருக்கணும்னு அதையே சொல்வாரு" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. அண்ணன் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தூண்டிவிட்டார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தக் காலு ஒடஞ்சவருகிட்ட போய்ச் சொல்லு" என்றார். நான் எழுந்தபோது உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "இதையும் எடுத்துட்டுப் போ. இங்க யாரு இருக்கறா இதுக்கு?"

மறுநாளே காசிநாதன் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டைத் திறந்தார், நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் யார் என்று தெரியாமல் கொடுத்த தண்ணீர். அண்ணன் போய்விட்டதையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்டைக் கைகாட்டினார்.

"ஏழு பொங்கலு வந்து அங்கதான் நின்னாரு. உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல நானு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "போன மாசம் வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதாய்யா நீ?"

நண்பர்களே, அந்தக் கல் ஏழுமலை அண்ணன் வண்டியிலிருந்து விழுந்தது இல்லை. இனி ஒருவரும் அப்படிப் பேசாதீர்கள். அது நான் பார்த்துவிட்டு அவருக்கென்று விட்டுப்போன கல். கடப்பாரை இப்போது என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. கல்லைப் பார்த்தால் நிற்கிறேன், இறங்குகிறேன், எடுக்கிறேன். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஆனால் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது கடப்பாரை இல்லை. "பார்த்திருந்தா நீ எடுத்திருப்ப" என்று என்னை நம்பி அவர் சொன்னாரே, அதுதான்.