இன்றைய லிப்ட் நிலவரம்

பொதுமக்கள் தரும் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில். இது விதி. சர்வீஸ் முழுக்க இதைப் பிறருக்கு நினைவூட்டியே ரிட்டயர் ஆனவன் நான்.

இப்போது சேலையூர்ப் பக்கம் ஒரு சமுதாய வானொலியில், வாரம் ஒருநாள், மனு எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். கேட்கிறார்களா? கேட்கிறார்கள்.

பெரும்பாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியிலிருந்து செல்வி என்பவர் போன் செய்தார்.

"லிப்டு நின்னு ரெண்டு மாசமாவுது சார். எங்க வூட்டுக்காரரு குமாரு, பெயின்டரு. சாரத்துலேர்ந்து வுழுந்து காலு ஆபரேசன். வாரம் மூணு நாளு பிசியோதெரபிக்குப் போவணும். வுட்டா முட்டி மடங்காதுன்றாரு டாக்டரு. எட்டு மாடி எப்படி எறக்குறது?"

பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் வைத்து அருமையான மனு எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி மூன்றாம் தேதி போனது. ஒப்புகை? ம்ஹூம்.

சரி, வானொலியிலேயே சொல்வோம் என்றேன். நிலையத்தை நடத்தும் ஜெனிஃபர் பதறினார்.

"சமுதாய வானொலி சொந்தமா நியூஸ் வாசிக்கக் கூடாது சார். லைசென்ஸ் போயிடும்."

"லிப்டை ஏன் சரிசெய்யலைன்னு கேட்டாத்தாம்மா நியூஸ். லிப்ட் ஓடலைன்னா அது தகவல். தண்ணி, கரன்ட் மாதிரி."

மறுநாள் காலையிலிருந்து, வானிலைக்கு அடுத்து லிப்ட் நிலவரம். 'வானம் தெளிவாக இருக்கும். பி பிளாக் லிப்ட் இன்றும் ஓடவில்லை. குமார் அண்ணனை ஒன்பது மணிக்கு இறக்க நான்கு பேர் தேவை.'

நகரத்தின் பல மூலைகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். பக்கத்து பிளாக்கில் யார் என்றே தெரியாது. ஆனால் வந்தார்கள்! ஏ பிளாக் ஆட்டோக்காரர், மீன் விற்கும் அக்காவின் இரண்டு மருமகன்கள், ஒரு செக்யூரிட்டி. பிளாஸ்டிக் சேரில் குமாரை வைத்து, படி படியாக...

"காலுதான் போச்சுன்னாங்க மச்சான், வெயிட்டு அப்டியே கீதே" என்றாராம் ஆட்டோக்காரர்.

"சேரோட சேத்துக் கணக்குப் போடு" என்றாராம் குமார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் எனக்குப் போன். அந்தக் குடியிருப்பின் பராமரிப்புப் பொறியாளர்.

"சார், அந்த அறிவிப்பை நிறுத்த முடியுமா? என் மாமியார் உங்க ரேடியோ கேக்கறாங்க. தினமும் காபி கொடுக்கும்போது, 'மாப்பிள்ளை, உங்க லிப்ட் இன்னிக்கும் ஓடலையாமே'ங்கறாங்க."

"எழுத்து மூலம் மனு கொடுங்க சார்" என்றேன். "மூணு நாள்ல ஒப்புகை, ஒரு மாசத்துல பதில்."

நான்காம் நாள் லிப்ட் ஓடியது. மேலதிகாரி அசைக்காத கோப்பை ஒரு மாமியார் அசைத்துவிட்டார். விதிப் புத்தகத்தில் அவருக்கென்று ஒரு பிரிவு இல்லாதது பெரிய குறை.

அந்த நால்வரும் இன்னும் எட்டாவது மாடிக்கு வந்துபோகிறார்கள். இப்போது டீ குடிக்க.

பதில்? வந்தது. தபால்காரர் லிப்டில் ஏறிப் போய்க் கொடுத்தார். கைத்தடியோடு நடந்துவந்து கதவைத் திறந்து வாங்கியது குமார். 'மின்தூக்கிப் பழுது தொடர்பான தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.'

கிடைத்த தேதியை உறை மேல் எழுதி வைக்கச் சொன்னேன். அதுதான் முறை.

ஆகஸ்ட் பதினொன்று.