அன்ரிக்கு வந்த மச்சான்

ஹேர்னிங்கில் எங்கள் பக்கத்து வீட்டு டேனிஷ் அன்ரிக்குத் தன் பூட்டனைப் பற்றிய பைத்தியம் பிடித்திருந்தது. அந்தப் பூட்டன் ரயில்பாதை போட வந்த ஐரிஷ் கூலியாட்களில் ஒருவராம். வேலை முடிந்து மற்றவர்கள் கப்பலேற, இவர் மட்டும் பால் கறக்கிற பெட்டை ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அன்ரி தேவாலயப் பதிவுகளைக் கிண்டிக் கிண்டி அவர் பிறந்த ஊர் வரைக்கும் போய்விட்டார். ஆனால் உயிரோடு ஒரு சொந்தம் அகப்படவில்லை. கணவரும் இல்லாமல் பிள்ளைகளும் இல்லாமல் இருந்த அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் எஸ்பியர்க் தொலைபேசிப் புத்தகத்தில் பூட்டனின் குடும்பப் பெயரோடு ஒருவரைக் கண்டுபிடித்தார். துறைமுகத்தில் வேலை செய்யும் ஐரிஷ்காரர். என் அப்பாவைக் கொண்டு பேசுவித்து, ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்க அழைத்தார்.

அன்ரிக்கு ஆங்கிலம் வராது. வந்தவருக்கு டேனிஷ் வராது. அப்பாவுக்கோ ஊரில் படித்த ஆங்கிலம் இருந்ததே தவிர, டேனிஷ் இன்னும் நாக்கில் ஏறவில்லை. ஆகவே அன்ரி சொல்வதைப் பத்து வயதுக்காரி நான் தமிழாக்க, அப்பா அதை ஆங்கிலமாக்க வேண்டும் என்று ஏற்பாடு. அம்மாவுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கேக் சாப்பிடத்தான் வந்தார்.

கேக்குக்குப் பக்கத்தில் குட்டி டேனிஷ் கொடியும், அன்ரி வர்ணப் பென்சிலால் தீட்டிய ஐரிஷ் கொடியும் நின்றன. வந்தவர் செம்பட்டைத் தலையர். பூட்டனின் ஊரைக் கேட்டதும் தலையை ஆட்டினார். தன் தகப்பன் ஆட்கள் நாட்டின் மற்றக் கோடியாம். அந்தப் பெயர் அங்கே மலிந்த பெயராம். எங்கள் ஊர்க் கந்தையா மாதிரி என்று அப்பா தன் பாட்டில் சேர்த்துக்கொண்டார். நான் சொல்லி முடித்ததும் அன்ரி சிரிக்கப் பார்த்தார். முடியாமல், நிறைந்திருந்த கோப்பிக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். எனக்கு அழுகை வந்தது.

"இஞ்சாருங்கோ, உந்தாளின்ர தாய் எந்த ஊர் எண்டு கேளுங்கோ," என்றார் அம்மா, வாயில் கேக்கோடு.

"பேசாமல் இரும்."

"பேரைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சால் சொந்தம் வருமே? தாய்வழியைக் கேளுங்கோ."

கல்யாணம் பேசுகிற வீட்டில் பிறந்தவர் அம்மா. பிடித்தால் விடமாட்டார். தாய் ஆர், தாயின் தாய் ஆர், அவவுக்கு எத்தனை சகோதரம், ஆரை எங்கே கட்டிக் குடுத்தவை என்று அப்பாவைக் கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்பித்தார். முதலில் திகைத்த ஐரிஷ்காரருக்கும் மெல்ல ருசி பிடித்துவிட்டது. விரல் மடித்து எண்ணிக்கொண்டு போனவர் திடீரென்று தொடையில் தட்டினார். அவருடைய அம்மம்மாவின் தங்கை ஒருத்தி வாழ்க்கைப்பட்டது பூட்டனின் ஊரிலேதான்!

"அப்ப பொம்பிளை குடுத்த இடமெல்லோ! மச்சான் முறை. ஓடிப்போய்ச் சொல்லு பிள்ளை."

"எந்த வீட்டுக்குக் குடுத்தவை எண்டே தெரியாதே," என்றார் அப்பா.

"ஒரு ஊருக்குள்ள ஆர் ஆருக்குச் சொந்தமில்லை?"

அப்பா பெருமூச்சு விட்டு ஆங்கிலத்தில் சொன்னார். நான் குசினிக்கு ஓடி டேனிஷில் சொன்னேன். அன்ரி கேத்தலை வைத்துவிட்டு வந்து அந்த மனிதரைக் கட்டிப்பிடித்த பிடியில் இரண்டு கொடிகளும் கேக்குக்குள் விழுந்தன. அவரும் "கசின்! கசின்!" என்று சிரித்தார். அன்ரி இருந்த காலம் முழுக்க நத்தார்ப் பண்டிகைக்கு வந்துபோனார்.

"உது ஒரு சொந்தமே?" என்று வீட்டு வாசலில் அப்பா கேட்டார்.

"இனி அவை பாத்துக்கொள்ளுவினம்," என்றார் அம்மா.

முன்பின் தெரியாதவர்களுக்காக அம்மா ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கூடப்பிறந்த ஒருவரும் அவருக்கு அந்த நாட்டில் இல்லை. ஹோர்சன்ஸில் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் என்று கேள்விப்பட்டால் போதும், என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறுவார், தாய்வழி விசாரிப்பார். திரும்பும்போது எனக்கொரு மாமாவோ சின்னம்மாவோ கிடைத்திருப்பார். நான் பெரிய பிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்கில் தாய்மாமன் முறைக்கு நின்று, கண் கலங்கத் தேங்காய் உடைத்தவரும் அப்படி அம்மா கேட்டுக் கேட்டு உண்டாக்கிக்கொண்ட தம்பிதான் என்று எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.