டீயில் பெயிண்ட்

பக்கத்து வீட்டுப் பையன் பைக்குக்குப் பெயிண்ட் அடிக்கிறான். வாசனை வந்ததுமே என் கை தானாக டீ டம்ளரை மூடிக்கொள்கிறது.

எழுபதுகளில் அப்பா சின்னக்கானல் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். எஸ்டேட் துரை லீவில் போயிருந்தபோது அவருடைய மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய், போடிமெட்டு வளைவில் விழுந்தார். நசுங்கிய டேங்கைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்துக் கறுப்பு அடித்தார். எங்கள் சோறுகூடப் பெயிண்ட் நாறியது. மழைக்காலம், அடுப்படியில் வைத்தும் காயவில்லை. உட்கார்வார், எழுவார், விரலால் தொடுவார். தொட்ட இடத்தில் ரேகை விழும். மறுபடி அடிப்பார்.

“தொட்டுக்கிட்டே இருந்தா எப்பிடிங்க காயும்?” என்றாள் அம்மா.

“நாளைக்குத் துரை வந்துருவாருல்ல.”

சாயங்காலம் டேங்கைக் கம்பியில் தொங்கவிட்டு ஃபேக்டரி மாடிக்குத் தூக்கிப்போனார். அங்கே சூடான காற்றில் கொழுந்தை வாட்டுவார்கள். வாடும் கொழுந்து எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று பீடிகூடப் பிடிக்க விடமாட்டார்கள். அப்பாவே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு அது நினைவே வரவில்லை.

டேங்க் காய்ந்தது. துரை வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். அப்பா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் வேலையிலிருந்து பாதியில் வந்து வாசலில் நின்றார்.

“வண்டியத் தடவிப் பாத்தப்ப ஒண்ணுமே சொல்லல. இன்னிக்குத் துரை புது டீய ருசி பாக்க வாயில வச்சாரு. துப்பிட்டு, நேரா என்னையப் பாத்தாரு.”

பக்கத்து வீட்டுப் பையன் டேங்கை விரலால் தொட்டுப் பார்க்கிறான். தொடாதே என்று கத்த வாயெடுத்து, டம்ளரை இன்னும் இறுக்கி மூடுகிறேன்.